தளபதியைக் கொடுத்து வாங்கிய கீப்பர்: ஜடேஜா–சாம்சன் டிரேடும் வடசென்னை ரசிகரும்

ஏலத்துக்குப் போகாமல் இரண்டு ஐபிஎல் அணிகள் தமக்குள் பேசி வீரர்களை மாற்றிக்கொள்வதை 'டிரேட்' என்கிறார்கள். 2025 நவம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்ட டிரேடில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்து ஆல்ரவுண்டர் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, அந்த அணியின் கேப்டனும் விக்கெட் கீப்பருமான சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. சாம்சனின் 18 கோடி ரூபாய் சம்பளம் அப்படியே சென்னையின் கணக்குக்கு வந்தது. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது. கரன் தன் 2.4 கோடியோடு போனார். கிரிக்கெட்டுக்கு உள்ளிருந்து பார்த்தால் கணக்கு புரியக்கூடியதுதான். முப்பத்தேழு வயதை எட்டப்போகும் ஆல்ரவுண்டரைக் கொடுத்து, அப்போதுதான் முப்பத்தொன்று முடிந்த பேட்டரை, அதுவும் கீப்பிங் செய்பவரை, ஓர் அணி வாங்கியிருக்கிறது. ஆனால் அந்த வாரம் சென்னையில் நடந்த பேச்சு ஒரு மரணத்தைப் பற்றிய பேச்சைப் போலவே இருந்தது. அணி நிர்வாகத்தின் காசி விஸ்வநாதனே வெளியே வந்து, இது கடினமான முடிவு, ஜடேஜாவுடன் பேசியே எடுத்தது, ரசிகர்கள் வருத்தப்படுவது தனக்குப் புரிகிறது என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

டிரேட் என்பது ஐபிஎல்லில் புதிய ஏற்பாடு கிடையாது. 2009-லேயே மும்பை அணி ராபின் உத்தப்பாவைக் கொடுத்து பெங்களூரிடமிருந்து ஜாகீர் கானை எடுத்தது. டெல்லியின் ஷிகர் தவானும் மும்பையின் ஆஷிஷ் நெஹ்ராவும் அதே ஆண்டு இடம் மாறினார்கள். சீசன் முடிந்ததும் டிரேடிங் விண்டோ திறக்கும். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு மூடும், ஏலம் முடிந்ததும் மறுபடி திறக்கும். ஆளுக்கு ஆள் மாற்றலாம், ஆளுக்குப் பணமும் கொடுக்கலாம். அணியில் 25 பேருக்கு மேல் கூடாது, அதில் வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது, மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், வீரரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆக, இரண்டு அணிகளும் சம்பந்தப்பட்ட வீரர்களும் கையெழுத்திட்டு, வாரியம் ஒப்புதல் தந்தால் வேலை முடிகிறது. பணம் கட்டி டிக்கெட் வாங்கி, தொண்டை கிழிய விசிலடிப்பவருக்கு அந்தத் தாளில் இடமில்லை. சென்னையின் எதிர்வினையில் இருந்த கோபத்தின் பெரும்பகுதி இங்கிருந்து வந்தது: 'எங்களைக் கேட்டீர்களா?'

இந்தச் சம்மத விதியோடு ஜடேஜாவுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 2008-ல் ஷேன் வார்னேவின் தலைமையில் முதல் ஐபிஎல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் பத்தொன்பது வயதுப் பையன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு நேரடியாகப் பேசினார் என்று 2010 சீசன் முழுவதும் ஆடத் தடை விதிக்கப்பட்டார். தன் விருப்பத்துக்கு அணி மாற முயன்றதற்காக ஓராண்டை இழந்தவர், பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே ராஜஸ்தானுக்கு விதிப்படி அனுப்பப்பட்டார். நடுவில், 2011-ல் கொச்சி, 2012-ல் சென்னை. அந்த ஏலத்தில் டெக்கான் சார்ஜர்ஸும் சென்னையும் உச்சத் தொகையான 20 லட்சம் டாலரில் முட்டி நின்று, ரகசிய டை-பிரேக்கர் தொகையில்தான் சென்னை வென்றது. சென்னை அணி தடைசெய்யப்பட்டிருந்த 2016, 2017 சீசன்களைக் கழித்துவிட்டால், அன்று முதல் 2025 வரை அவர் மஞ்சள் சட்டையை விடவில்லை. அணிக்காக அதிக விக்கெட் எடுத்தவர் என்ற இடத்தையும் கடைசி சீசனில் பிடித்துவிட்டுத்தான் போனார்.

ரசிகர் இந்தப் புள்ளிவிவரங்களை நினைவில் வைத்திருப்பதில்லை. அவர் நினைவில் இருப்பவை மூன்று, நான்கு காட்சிகள். 2021 ஏப்ரலில் பெங்களூரின் ஹர்ஷல் படேல் வீசிய கடைசி ஓவரில் போன 37 ரன். பாயின்டிலிருந்து ஸ்டம்பைக் குறிபார்த்த எத்தனையோ எறிகள். எல்லாவற்றுக்கும் உச்சமாக 2023 இறுதிப்போட்டி. அகமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளி, நள்ளிரவைத் தாண்டி இழுத்த அந்த ஆட்டத்தில் தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி 2 பந்தில் 10 ரன் தேவை. மோகித் சர்மாவை ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து முடித்துவைத்தார். ஐந்தாவது கோப்பை. தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். டிரேட் செய்தி வந்த நாளில் பெரும்பாலோர் மறுபடி பார்த்தது இந்தக் கடைசி இரண்டு பந்துகளைத்தான்.

இந்த அன்பில் ஒரு சிக்கல் உண்டு, அதை ஜடேஜாவே மைதானத்தில் நின்று சொல்லியிருக்கிறார். 2023 மே மாதம் சேப்பாக்கத்தில் டெல்லிக்கு எதிரான ஆட்டம் முடிந்தபின், தான் முன்னால் இறங்கினால் கூட்டம் தோனிக்காகக் கத்துகிறது, தான் அவுட்டாவதற்காகக் காத்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பேசினார். அது வெறும் தமாஷ் இல்லை. சொந்த அணிக்காரர் அவுட்டானால் சொந்த மைதானம் ஆர்ப்பரிப்பது அரிதான காட்சி, சேப்பாக்கத்தில் அது வழக்கம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக, தோனி இறங்க வேண்டிய நேரத்தில் ஜடேஜா மட்டையோடு படியிறங்கி வந்து, பாதியில் திரும்பி உள்ளே போய்க் கூட்டத்தை ஏமாற்றினார். அந்த ஏமாற்று வேலையை ரசிகர்கள் கொண்டாடினார்கள். அதே ஆட்டத்தில் 18 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகனானவரும் அவர்தான். தோனிக்குத் 'தல', ரெய்னாவுக்குச் 'சின்ன தல' என்று பட்டம் இருக்க, தன் பட்டம் இன்னும் உறுதியாகவில்லை என்று அவர் அன்று பேட்டியில் சொன்னதும், அணி நிர்வாகம் அவரைக் 'கிரிக்கெட் தளபதி' என்று அறிவித்தது. பட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருந்த தளபதி.

ஆக, 2025 நவம்பரில் வெடித்த துக்கத்தில் கொஞ்சம் குற்ற உணர்வும் கலந்திருந்தது என்று கொள்ள இடமுண்டு. பதின்மூன்று ஆண்டுகளாக ஜடேஜாவைத் தங்களுடையவராகவே எண்ணிய ரசிகர்கள், அவரை ஒருபோதும் முதல் இடத்தில் வைத்ததில்லை. 2022-ல் தோனியின் 12 கோடிக்கு மேலாக 16 கோடிக்கு அவரைத் தக்கவைத்து, கேப்டன் பதவியையும் அணி கொடுத்தது. 8 ஆட்டங்களில் 6 தோல்வி. ஏப்ரல் 30 அன்று பதவி தோனியிடமே திரும்பியது. அன்றைக்கு ஜடேஜாவுக்காக வருந்தியவர்களைவிட, தோனி திரும்பியதில் நிம்மதி அடைந்தவர்களே அதிகம். அணி செய்த டிரேடுக்கு முன்பே, ரசிகர்கள் தங்கள் மனத்தில் அவரை ஒரு படி கீழே இறக்கி வைத்திருந்தார்கள். நவம்பரில் அது கையெழுத்தாகி வெளியே தெரிந்தது.

எதிர்வினை ஒரே குரலில் வரவில்லை. அழுதவர்கள் ஒரு பக்கம். சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்ததில் கோபப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். 2020-ல் சென்னை வந்தபோது 'சுட்டிக் குழந்தை' என்று கொஞ்சப்பட்ட கரன் அவர். ஜடேஜாவுக்கு சாம்சன் சரி, கரன் எதற்கு என்ற இந்தக் கோஷ்டியின் பேச்சில் பாரிமுனையில் பேரம் பேசுகிறவர்களின் தொனி இருந்தது. மூன்றாவது கோஷ்டி கணக்குப்பிள்ளைகள். 2025 சீசனில் 14 ஆட்டங்களில் 4 மட்டும் வென்று, வரலாற்றில் முதல்முறையாக அணி கடைசி இடத்துக்குப் போனதை அவர்கள் மறக்கவில்லை. முதல் ஆறு ஓவரில் ரன் வரவில்லை, ஏலத்தில் நல்ல இந்திய டாப் ஆர்டர் பேட்டர் கிடைப்பது அரிது, தோனிக்கு 44 வயது, அவருக்குப் பின் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டும் என்று அடுக்கினார்கள். நிர்வாகம் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுவே. கவனிக்க வேண்டியது ஒன்று: மூன்று கோஷ்டியிலும் தோனியை யாரும் குறைசொல்லவில்லை. அணியின் பெரிய முடிவுகள் அவருக்குத் தெரியாமல் நடப்பதில்லை என்பதை எல்லோரும் நம்புகிறார்கள், பெருமையாகச் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் ஜடேஜா போனதற்குப் பொறுப்பு மட்டும் 'மேனேஜ்மென்ட்' தலையில்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் இந்தக் கோபத்துக்குத் தனி நிறம் உண்டு. சேப்பாக்கம் அவர்களுக்குத் தொலைவிலில்லை. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால், அங்கிருந்து பறக்கும் ரயில் ஸ்டேடியத்தின் மதில் ஓரமாகவே கொண்டுபோய் விடும். நான்காவது ரயில் பாதைக்காக பீச்–சிந்தாதிரிப்பேட்டை பகுதி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டு 2024 அக்டோபரில்தான் திறந்தது. அதனால் 2024 சீசனில் வடசென்னைக்காரர்கள் பஸ், மெட்ரோ என்று சுற்றித்தான் போனார்கள். தூரத்தைவிட டிக்கெட் விலைதான் இவர்களைத் தடுப்பது. அண்மை சீசன்களில் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய், அதுவும் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். எனவே பெரும்பாலோருக்கு ஆட்டம் என்பது டிவியும் கைப்பேசியும்தான். ஸ்டேடியத்துக்குள் விசிலடிப்பவரைவிட, சட்டை மட்டும் வாங்கியவர் எண்ணிக்கையே பெரிது. எம்.சி. ரோட்டிலும் பாரிமுனை நடைபாதையிலும் தொங்கும் மஞ்சள் சட்டைகளில் தோனியின் 7-ஆம் எண்ணே கண்ணில் நிறையப் படும். ஜடேஜாவின் 8-ஆம் எண் சட்டை வாங்கியவர் யோசித்து வாங்கியவர். கூட்டத்தோடு போகாமல் தனக்கென ஒருவரைத் தேர்ந்துகொண்டவர். நவம்பர் 15-க்குப் பிறகு கையில் பழைய சட்டையோடு நின்றவர் அவர்தான்.

இந்தப் பட்டையின் நிலமும் ஆட்டத்தோடு சம்பந்தப்பட்டது. 1881-ல் செயல்படத் தொடங்கிய துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே பல இடங்களில் இருப்பது கொட்டிய கருங்கல்லும் தூண்டில் வளைவும்தான். மெரினாவில் பையன்கள் இருபது ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். இங்கே கிடைக்கும் இடத்தில் ஆட வேண்டும்: பள்ளி மைதானம், ரயில்வே நிலம், கன்டெய்னர் லாரிகள் நகர்ந்தால் காலியாகும் தரை. லாரி டயரில் பட்டுத் திரும்பும் பந்துக்கு எத்தனை ரன் என்பதெல்லாம் அந்தந்த இடத்தின் சட்டம்.

ஏரியா கிரிக்கெட்டில் அணி மாறுவது என்பதற்கும் சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுகளில் 'கெஸ்ட்' என்று வெளி ஏரியா ஆட்டக்காரரை இறக்குவது பழைய வழக்கம், பழைய சண்டையும்கூட. கப்பும் பரிசுத்தொகையும் பெரிதானால், வேகமாக வீசும் ஒருவனுக்கு மூன்று ஏரியாவிலிருந்து போன் வரும். அதைத் தடுக்கத்தான் சில டோர்னமென்ட் நோட்டீஸ்களில் ஒரே ஏரியா வீரர்கள் மட்டும், ஆதார் கார்டு அவசியம் என்று அச்சிடுகிறார்கள். கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஐபிஎல்லில் எந்த ஊர்க்காரரும் எந்த ஊருக்கும் ஆடலாம். ஐயாயிரம் ரூபாய்க் கப்புக்கு ஆதாரில் முகவரி சரியாக இருக்க வேண்டும்.

வடசென்னையின் ஓர் ஆட்டக்காரர் அணி மாறும் கதையைத் தமிழ் சினிமா ஐபிஎல்லுக்கு முன்பே சொல்லிவிட்டது. முதல் ஐபிஎல் ஆட்டத்துக்கு ஒரு வருடம் முன்னதாக, 2007 ஏப்ரலில் வந்த வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' படத்தில், ராயபுரம் ராக்கர்ஸ் அணிக்காரனான ரகு, வீடு மாறி விசாலாட்சி தோட்டத்துக்கு வந்து, எதிரிகளான ஷார்க்ஸ் அணியிலேயே சேர்கிறான். ஜெய் நடித்த பாத்திரம் அது. படம் ரகுவைப் பெற்றுக்கொண்ட ஏரியாவின் பார்வையில் நகர்கிறது. எதிரியை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதே அதன் கேள்வி. ஆளை இழந்த ராயபுரம் படத்தில் பெரும்பாலும் எதிரி அணியாகவே வந்துபோகிறது. பின்னாளில் ஐபிஎல் டிரேட் பற்றி எழுதப்பட்டவற்றிலும் இதே பழக்கம் தொடர்ந்தது: 'யாரை வாங்கினோம்' என்பது தலைப்புச் செய்தி, 'யாரைக் கொடுத்தோம்' என்பது உள்பக்கம். ஜடேஜா விஷயத்தில்தான் சென்னையில் அது தலைகீழானது.

பெரிய ஆட்டங்களில் இந்தப் பகுதி பழகிய முறை வேறு. துறைமுகம், ரயில்வே, சுங்கத்துறை, வங்கிகள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்துக் கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் அணிகளை நடத்திய காலத்தில், அணிச் சட்டை என்பது நிரந்தர வேலையின் அடையாளம். போர்ட் டிரஸ்டில் சேர்ந்தவர் ஆட்டத் திறமை குறைந்த பிறகும் அங்கே வேலை பார்ப்பார், அங்கிருந்தே ஓய்வு பெறுவார். நல்ல ஆட்டக்காரர் இன்னோர் அணிக்கு மாறினார் என்றால், அங்கே மேல் வேலையோ குவார்ட்டர்ஸோ கிடைத்திருக்கிறது என்றே பொருள். யாரும் துரோகம் என்று சொன்னதில்லை. அந்த ஏற்பாடு தேய்ந்து, தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிய பிறகு வளர்ந்த தலைமுறைதான் இன்றைய மஞ்சள் ரசிகர்கள். ஒப்பந்தம் என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் வேலையில் கிடைக்காத நிலைத்தன்மையை அணியிடம் அவர்கள் எதிர்பார்ப்பது விந்தையாகத் தோன்றலாம். அங்கேயாவது இருக்கட்டுமே என்பதுதான் அதன் தர்க்கம்.

அணியைச் சொந்தம் கொண்டாடுவதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமாக இருந்ததில்லை. 2008-ல் சென்னைக்கு 'ஐகான்' வீரர் என்று யாரும் இல்லை. அதனால்தான் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு ராஞ்சிக்காரரான தோனியை வாங்க முடிந்தது. சென்னைப் பையனான தினேஷ் கார்த்திக், அவரும் கீப்பர்தான், அதே ஏலத்தில் டெல்லிக்குப் போனார். தன் ஐபிஎல் வாழ்க்கை முழுவதும் சென்னைக்கு ஆடாமலேயே ஓய்வு பெற்றார். அணியில் தமிழ் வீரர்கள் இல்லை என்று 2023 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே பாமக உறுப்பினர் ஒருவர் அணியைத் தடைசெய்யக் கோரினார். சேப்பாக்கம் கூட்டம் குறையவில்லை. பிறந்த ஊரைப் பார்த்து இங்கே யாரையும் சேர்த்ததில்லை. எத்தனை வருடம் நின்றார் என்பதே அளவுகோல், ஜடேஜா நின்றவர். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் செருப்பு வீசப்பட்ட ஆட்டத்தில், எல்லைக்கோட்டருகே ஃபீல்டிங் செய்துகொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சீசனின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போக, சென்ட்ரலிலிருந்து ஒரு சிறப்பு ரயிலில் ரசிகர்கள் கூடவே போனார்கள். அணியைப் பெற்றெடுத்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்கு மாறியதை இவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? கம்பெனி மாறலாம், ஆள் மாறக் கூடாது.

எதிர்ப்பக்கத்தில் ராஜஸ்தானும் ஒன்றை இழந்தது. 2013 முதல், டெல்லிக்கு ஆடிய இரண்டு சீசன் போக, சாம்சன் அந்த அணியின் முகம். 2021 முதல் கேப்டன், 2022-ல் இறுதிப்போட்டிவரை கொண்டுபோனவர், அணிக்காக 4,000 ரன்னுக்கு மேல் எடுத்தவர். ஆனால் அங்கே வேறு கீப்பராகத் துருவ் ஜுரெல் 14 கோடியில் இருந்தார். தொடக்க ஆட்டக்காரர் இடத்தில், 2025 ஏப்ரலில் 35 பந்தில் சதமடித்த பதினான்கு வயது வைபவ் சூர்யவன்ஷி வந்துவிட்டார். சாம்சனே விலக விரும்பினார் என்ற செய்தி ஆகஸ்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் விரும்பிப் போகிறார் என்றால் ரசிகருக்குக் கோபப்பட ஆள் கிடைக்கிறது. அனுப்பப்படுகிறார் என்றால் நிர்வாகம்தான் கிடைக்கிறது. ஜெய்ப்பூரிலும் சென்னையிலும் எதிர்வினை வேறுபட்டதற்கு இதுவே காரணம். சாம்சன் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மீனவக் கரையைச் சேர்ந்தவர். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஊர் அவருடையது. வடசென்னையின் மீனவக் கரையான காசிமேட்டுக்கு இந்தச் செய்தி புதிய ஆளை ஏற்கப் போதுமான சாக்கு. 'சேட்டா' என்ற விளி சில வாரங்களிலேயே சென்னைப் பேச்சில் கலந்துவிட்டது.

அனுப்பப்பட்டவர், விலகியவர் என்ற வேறுபாட்டை ஐபிஎல் முன்பும் காட்டியிருக்கிறது. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறி, அடுத்த மாதமே ரோகித் சர்மாவின் கேப்டன் பதவியையும் பெற்றார். 2024 சீசனில் அகமதாபாத்தில் விட்டுப்போனவர் என்று அவரைக் கூச்சலிட்டார்கள், மும்பை வான்கடேயில் பறித்துக்கொண்டவர் என்று கூச்சலிட்டார்கள். டாஸ் போடும்போது நடத்துநர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தை ஒழுங்காக இருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சென்னையின் பாணி கூச்சலில்லை, மனத்தாங்கல். 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவை எந்த அணியும், சென்னையும்கூட, எடுக்காதபோது அது தெரிந்தது. சென்னைக்காக 4,687 ரன் எடுத்தவர். அவரை விட்டதற்கு ஈடாக அணிக்கு எதுவும் வரவில்லை, ஆகவே ரசிகரின் வருத்தம் நன்றிகெட்டதனம் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியது. ஜடேஜா விஷயத்தில் ஈடாக ஒருவர் வந்துவிட்டார். அதனால் வருத்தத்துக்கு நடுவிலேயே புதியவரின் ஸ்டிரைக் ரேட்டைப் பேச வேண்டியதாயிற்று. துக்க வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததுபோன்ற ஒரு சங்கடம்.

டிரேட் என்ற வழக்கத்தின் தாய்வீடு அமெரிக்க பேஸ்பால். அங்கே கீப்பருக்கு நிகரானவர் கேட்சர்: மைதானத்தை எதிர்ப்புறமிருந்து முழுதாகப் பார்ப்பவர், பந்துவீச்சாளருக்கு என்ன வீச வேண்டும் என்று சைகை காட்டுபவர். புகழ்பெற்ற கேட்சரைக் கொடுத்து இளம் வீரர்களை வாங்கிய கதைகளில் மைக் பியாஸாவுடையது தனி. 1988 தேர்வில் 62-ஆவது சுற்றில், அதுவும் குடும்ப நண்பருக்குச் செய்த உதவியாக எடுக்கப்பட்ட அவர், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மிகச் சிறந்த ஆட்டக்காரரானார். 1998 மே மாதம் சம்பளப் பேச்சு முறிந்ததும் டாட்ஜர்ஸ் அவரை ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு அனுப்பியது. அங்கே 5 ஆட்டம். ஒரே வாரத்தில் மார்லின்ஸ் அவரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து மூன்று இளைஞர்களை வாங்கிக்கொண்டது. அவர்களில் பிரெஸ்டன் வில்சன் மட்டும் நிலைத்தார். ஒருவர் சில ஆட்டங்களோடு நின்றார், மற்றவர் மேஜர் லீக்கையே எட்டவில்லை. பியாஸா மெட்ஸை 2000-ல் உலகத் தொடர்வரை கொண்டுபோனார். 2016-ல் புகழ் மண்டபத்தில் நுழைந்தபோது அவர் பட்டயத்தில் இருந்தது மெட்ஸ் தொப்பி. லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் இன்றும் மன்னிக்காத டிரேட் அது.

அங்கே நெடுங்காலம் வீரரின் சம்மதம் தேவைப்படவில்லை. 1969-ல் செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பப்பட்ட கர்ட் ஃப்ளட், தான் விற்கப்படும் சொத்தல்ல என்று போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். வீரர்களுக்கு விடுதலை தந்தது 1975-ன் நடுவர் தீர்ப்புதான். இப்போதும் பத்தாண்டு ஆடி, கடைசி ஐந்தாண்டை ஒரே அணியில் கழித்தவருக்கும், ஒப்பந்தத்தில் தனி ஷரத்து பெற்றவருக்கும்தான் மறுக்கும் உரிமை உண்டு. ஐபிஎல்லில் முதல் நாளிலிருந்தே யாரும் மறுக்கலாம். காகிதத்தில் இந்திய வீரரின் நிலை மேல். ஆனால் 'உங்களை வைத்திருக்க விரும்பவில்லை' என்று அணி சொன்னபிறகு அந்த உரிமைக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு விஷயம்.

இன்னொரு வேறுபாடு பெரியது. பேஸ்பால் அணிக்குக் கீழே மைனர் லீக் அணிகள் வரிசையாக உண்டு. பதினெட்டு வயதுப் பையன்களின் உரிமையும் அணியிடமே இருக்கும். அதனால் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து மூன்று பையன்களை வாங்க முடிகிறது. ஐபிஎல் அணி அப்படி யாரையும் வளர்த்து வைத்திருக்க முடியாது. இளைஞர்கள் மாநிலச் சங்கங்களிலிருந்து ஏலத்துக்குத்தான் வருவார்கள். நட்சத்திரத்தை இளைஞர்களாக மாற்ற வேண்டுமானால் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்: முதலில் ஆட்களை விட்டுப் பணம் சேர்ப்பது, பிறகு ஏலத்தில் அதைக் கொட்டுவது. சென்னை செய்தது இதைத்தான். ஜடேஜா டிரேடில் நேரடியாக மிச்சமானது 2.4 கோடி மட்டுமே. அதே நாளில் பதிரானா, டெவன் கான்வே, ரச்சின் ரவீந்திரா உள்ளிட்டோரை விட்டதில் மொத்தம் 43.4 கோடி கையில் சேர்ந்தது. 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் அதில் 28.4 கோடி இரண்டே பேருக்குப் போனது. உத்தரப் பிரதேசத்தின் இருபது வயது பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் பத்தொன்பது வயது கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.2 கோடி. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம். இந்தியாவுக்கு ஆடாத வீரருக்கு ஐபிஎல்லில் கொடுக்கப்பட்ட அதிகபட்ச விலை அது.

பிரசாந்த் வீர் இடதுகை சுழற்பந்து வீசி, மட்டையும் சுழற்றுபவர். பெயரைச் சொல்லிமுடிப்பதற்குள் 'அடுத்த ஜடேஜா' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அசல் ஜடேஜாவின் புதிய சம்பளத்தைவிட இருபது லட்சம் அதிகம் வாங்கும் அடுத்த ஜடேஜா. நவம்பரில் 'எதற்குக் கொடுத்தீர்கள்' என்று கேட்டவர்களில் பலர் டிசம்பரில் இந்தப் பையன்களின் உள்ளூர் டி20 வீடியோக்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2025-ன் நடுவில் வந்து சேர்ந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரேவிஸும் தந்த தெம்பு அந்தத் தேடலுக்குத் துணை. 'பெருசுகள் அணி' என்று கேலிசெய்யப்பட்ட அணிக்கு இப்படி ஒரு திருப்பம் தேவைப்பட்டது என்பதில் நியாயம் இருக்கிறது. ஜடேஜாவைக் கொடுத்துத்தான் அது நடக்க வேண்டுமா என்பதில் மட்டுமே வாதம்.

கார்த்திக் சர்மாவும் விக்கெட் கீப்பர். தோனி, சாம்சன், ஊர்வில் படேல், கார்த்திக் சர்மா என்று ஒரே கையுறைக்கு நான்கு பேர் அந்த ஏலத்துக்குப் பின் அணியில் இருந்தார்கள். ஏலத்தில் வாங்கியவர்களை அந்தச் சீசன் முடியும்வரை டிரேட் செய்ய விதி இடம் தராது. மற்றவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.